பதினேழாம் ஷட்டர்

முதல் விதியை நீடாமங்கலத்தில் எழுதினேன்.
ரயில்வே கேட் மூடியிருந்தது,
பேருந்து அணைந்து கிடந்தது,
மடியில் கணினி.

யார், எந்த ஷட்டர், எத்தனை சென்டிமீட்டர், எப்போது:
நான்கையும் வாங்கிக்கொண்டு
ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் சார்பு.
வேறொன்றும் செய்யாது.
எங்கும் குறித்துவைக்காது, யாரையும் கூப்பிடாது,
சுவர்க் கடிகாரத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காது.
மணி என்ன என்பதையும் நாம்தான் கையில் கொடுக்க வேண்டும்.

இவர் லஸ்கரா?
இது இவர் பகுதியா?
இன்று முறை நாளா?
எதுவும் மூன்று வரியைத் தாண்டவில்லை.
சேர்த்துக் கட்ட இரண்டே இடைச்சொல்.
லஸ்கரும் பகுதியும் முறைநாளும்:
ஓர் உம் சரிந்தால் மொத்தமும் சரியும்.
லஸ்கரோ பொறியாளரோ:
ஓர் ஓ நின்றால் போதும்.

இரண்டு விதியைச் சேர்த்தால் வருவதும் விதிதான்,
அதை இன்னொன்றோடு சேர்க்கலாம் என்றேன்,
வாய்க்காலும் வாய்க்காலும் சேர்வதுபோல.
மூணாறு தலைப்பில் நின்றபடி வேதையன் சிரித்தார்.
"இங்க எதும்மா சேருது? வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு,
எல்லாம் பிரியத்தான் தெரியும்."

எந்த விதியும் பேசாவிட்டால்: மூடு.
இதற்கு மட்டும் கூட்டத்தில்
எல்லாரும் தலையாட்டினார்கள்.

கார்த்திகை இரண்டாம் வாரம். இரவு பதினொன்றே கால்.
"மேடம், பதினேழு இல்லைங்குது."
பதினேழு உங்கள் பகுதி இல்லையே.
"அமலதாஸோடது. அவரு ஆஸ்பத்திரியில.
கரை ஊறிப்போச்சு, வடிகாலைத் தொறக்கணும்."

சோதித்தேன். இல்லை.
மறுபடி. இல்லை.
அதே கேள்விக்கு அதே பதில்,
எத்தனை முறை கேட்டாலும், எந்த மழையிலும்.
இதைச் சொல்லித்தான் அவர்களிடம் பெருமைப்பட்டிருந்தேன்.
சார்பு நனைவதில்லை.

பழைய விதி ஒன்றையும் தொடாமல்
ஓர் ஓகாரம் ஒட்டினேன்: கரை ஆபத்திலோ.
நீர்மட்டக் கருவியின் அளவைப் படித்து அதுவே சொல்லிவிடும்.
ஏற்றினேன்.
இல்லை.
கருவி பத்தரை மணிக்கே முழுகிவிட்டிருந்தது.
ஒன்றும் சொல்லாத வாயை
நான் இல்லை என்று படித்துவைத்திருந்தேன்.

"இல்லைன்னா இருக்கட்டும் மேடம்,
ஏன் இல்லைன்னாவது அது சொல்லுதா?"

சொல்லவில்லை. அதற்கு இடமே விடவில்லை நான்.
தொலைபேசிக்குள் மழை,
மழைக்குள் கடப்பாரை பூட்டில் விழும் சத்தம்,
ஏழெட்டு முறை.

விடிந்ததும் பதிவேட்டைத் திறந்தேன்.
பதினேழு: மூடியுள்ளது.
கரை நின்றுவிட்டது.
கீழே நாற்பது ஏக்கர் இளஞ்சம்பா
நுனிகூடத் தெரியாமல் தண்ணீருக்குள்.
தேன்மொழியாள் என்றொருவர் வரப்பில் நின்று கேட்டார்,
யார் அனுமதி கொடுத்தது?
என் நிரலிடம் கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்லும்,
அது பொய்யும் இல்லை.
மேலே ஓர் ஆம் கீழே யாருக்கு இல்லை ஆகிறது,
அந்தச் சார்பை நான் எழுதவேயில்லை.
எழுத முடியுமா என்றும் தெரியவில்லை.

வேதையனுக்கு மெமோ வந்தது.
பூட்டின் விலை ரூபாய் நாலாயிரத்து இருநூறு.

இப்போது விடைகள் மூன்று.
ஆம்.
இல்லை, கூடவே காரணம்.
தெரியவில்லை.
மூன்றாவது வந்தால் என் கைபேசி அடிக்கும்,
நான் வேதையனை அழைக்க வேண்டும்,
அவர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
இதுவா தானியங்கி என்றார் செயற்பொறியாளர்.

நேற்றிரவு இரண்டு முறை அடித்தது.
இரண்டாவது முறை மழையே இல்லை.
டார்ச் அடித்துப் பார்த்தாராம்:
கருவியின் கண்ணை மறைத்துக்கொண்டு
ஒரு நீர்க்காகம்
சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது.