இரண்டு அலகுக் கிளி

பச்சை அரை மில்லி நகர்ந்துபோய்
இரண்டு அலகு முளைத்துவிட்டது கிளிக்கு.
தீப்பெட்டியில் ஒட்ட ஆகாதென்று
கம்பெனி திருப்பிவிட்ட தாள் ஒரு ரீம்
மெஷினுக்குப் பின்னால் கிடக்கிறது.
அதன் வெள்ளை முதுகில்தான்
இந்தச் சித்திரைக்கு
நாங்கள் டீம் போடுகிறோம்.

யாரும் கேட்கவில்லை எங்களிடம்.
எங்கள் பிரஸ் எந்தத் தெருவென்றே
கோச்சுக்குத் தெரியாது.
இருந்தாலும்
போட்டிக்குப் பத்து நாள் இருக்க
கோவில்பட்டியில் ஒரு மனுசன்
டீம் போடாமல் எப்படிச் சோறு தின்பான்?

எழுதுவது நான்.
கையெழுத்து நன்றாயிருக்கும், அதற்காக மட்டும்.
"சண்முகக்கனி, எழுது" என்றார்
கட்டிங் மாஸ்டர் கெங்கைராஜ்.
"சென்டர் ஹாஃப் சுடலைமணி."
"சுடலையா? அவனுக்கு முட்டி போயாச்சுவே.
போன வருசம் செமிஃபைனல்ல
பந்து தாண்டிப் போகுது,
பஸ்ஸை விட்டவன் மாதிரில்லா பாத்துக்கிட்டு நின்னான்."
"நிக்கட்டுமே. நிக்கத் தெரிஞ்சவன்தாம்வே சென்டர் ஹாஃப்."
எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ரைட் அவுட், ஹாஸ்டல் பையன் எப்ராயீம்.
இதில் மட்டும் சண்டை இல்லை.
பதினேழு வயசு.
அவன் மட்டை பட்டு டர்ஃபில் தெறித்த தண்ணீர்
கீழே விழுமுன்
வட்டத்துக்குள் நிற்பான்.
ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.
மை உருட்டுகிற அந்தோணி, அவருக்கு ஹாக்கியே பிடிக்காது,
அவரும் சொன்னார்.

பிறகு கோல்கீப்பர்.
டீ ஆறியது, ஆடை கட்டியது,
ஒரு ஈ அதில் நடந்து கரையேறியது,
இன்னும் கோல்கீப்பர்.
"கோமதிநாயகம் இருக்கும்போது வேற பேச்சு எதுக்கு?
ரயில்வேல ஆடுனவன்."
"ரயில்வேல ஆடுனான், சரி.
இப்பக் குனிய ரெண்டு ஸ்டேஷன் ஆகுதே."
"அதுக்காக அந்தச் சின்னப் பய உச்சிமாகாளியையா நிறுத்த?
லேபிள் கட்டு தூக்குதவன்.
வளரட்டும்லே."
வளரட்டும் என்றால்
இந்த ஊரில் வேண்டாம் என்று அர்த்தம்.
எழுதியிருந்த பேரை அடித்தேன்.

எனக்கு ஒன்று தெரியும், சொல்லவில்லை.
இலுப்பையூரணியிலிருந்து வேலைக்கு நடந்து வருகையில்
விடியாத மைதானத்தில் யாரோ அடிக்க
அவன் காலால், கையால், ஒருமுறை நெஞ்சால்
தடுத்துக்கொண்டிருப்பான்.
தாள் எண்ணுகிற விரல் எனக்கு,
ஐந்தைந்தாகத்தான் எதையும் பார்க்கும்.
வேலியோரம் நின்று எண்ணினேன்.
ஐம்பதில் நாற்பத்தொன்று.
மறுநாள் நாற்பத்து மூன்று.
பிரஸ்ஸுக்குத் தாமதம், அரை நாள் கூலி போச்சு.
போன வருசம் ஒருவார்த்தை சொன்னதற்கு
"நீ எப்ப மட்டை பிடிச்சே?" என்று கேட்டார்கள்.
மாஸ்டர் பிடித்தது பேப்பர் வெட்டும் பிளேடு மட்டும்தான்.
அதை அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

வாசலில் லோடு ஆட்டோ நின்றது.
உச்சிமாகாளி.
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.
பன்னிரண்டு கட்டு தூக்கினான்,
பதிமூன்றாவதுக்கு வந்தவன் தாளைப் பார்த்தான்.
அடித்த பேர், அதன் மேல் என் கோடு.
பேனா மூடியைத் தேடுவது போல்
நான் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"எப்ராயீமை ரைட்ல போட்டிருக்கீங்க" என்றான்.
"அவனுக்கு லெஃப்ட்தான் வரும்.
ரைட்ல ஆள் இல்லன்னு ஆடுனான், ரெண்டு மேட்ச்."
கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.
"கிளிக்கு என்னக்கா, ரெண்டு மூக்கு?"
சிரித்துக்கொண்டே போனான்.

ஆட்டோ சத்தம் தெரு முக்கு திரும்பும்வரை
ஒருத்தரும் பேசவில்லை.
"லெஃப்ட்டுன்னு எனக்கு அப்பமே ஒரு இது" என்று
அந்தோணிதான் ஆரம்பித்தார்.

நான் வேறு தாள் எடுத்தேன்.
யாரும் சொல்லாமலே
மேலே முதல் வரியில் எழுதினேன்.
கெங்கைராஜ் எட்டிப் பார்த்தார்.
"ஏட்டி, கோமதிநாயகம் எங்க?"

"பதினெட்டில இருக்காரு அண்ணாச்சி.
கடைசில."