ஐஸ் கணக்கு

மே மாதம், இரண்டாவது திங்கள்.
இறாலுக்கு வலை போடலாம் என்று
லூசியானா அரசாங்கம் அனுமதித்த முதல் நாள்.
ஷோவன் ஊர்க் கால்வாயோரம்
ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்.

ரேடியோக்காரன் தொண்ணூற்று மூன்று டிகிரி என்றான்.
பெரிய எண் இல்லை அது.
ஆகஸ்டில் அந்த வெயிலில்
கல்யாணப் பந்தியே நடத்துவோம்.
ஆனால் ஆகஸ்டுக்குள் உடம்பு
வெயிலோடு ஒரு சமரசத்துக்கு வந்திருக்கும்.
மேயில் பேச்சுவார்த்தையே தொடங்கியிருக்காது.

காற்று இருந்தது,
யாரோ மூச்சுவிட்டுத் தீர்த்த காற்று.
ராத்திரி வளைகுடாவிலிருந்து ஏறிவந்த ஈரம்
விடிந்தும் இறங்கிப் போகவில்லை.
வியர்வை வழிந்தது,
காய மாட்டேன் என்று தோலிலேயே நின்றது.
புழுங்கல் அரிசிக்குத் தெரியும் அந்த நிலை.

லூசியன் பார்ஃபே
வயோமிங் பனியில் ஆறு மாதம் குழாய் பதித்துவிட்டு
போன வியாழன்தான் திரும்பியிருந்தான்.
கேப்டன் தாக்கின் படகில், இரும்புத் தளத்தில்,
காலையிலிருந்து வின்ச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
இரண்டு மணிக்கு ஜன்னலருகே வந்து
என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
சிரித்தேன்.
மறுபடி கூப்பிட்டான்.
அப்போது சிரிக்கவில்லை.

விழுந்தவனைத் தொட்ட கை சுட்டது.
கேப்டனின் மனைவி டியூ
இறால் கழுவும் தொட்டியைக் காட்டினாள்.
நாலு பேர் தூக்கிப் போட்டோம்.
நாலு நாள் மீன்பிடிக்கென்று
படகின் வயிற்றில் நிரப்பிய ஐஸை
மண்வெட்டியால் வாரி வாரி
கழுத்துவரை மூடினோம்.
டியூ அவன் தலையை மட்டும் நீருக்கு மேலே பிடித்துக்கொண்டு
வியட்நாமிய மொழியில் திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ் ஹூமாவிலிருந்து வர வேண்டும்.
வந்தது.
தூக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.
முதல் நாள் அல்லவா,
படகுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன,
பாலம் வானத்தைப் பார்த்து நின்றது.
இருபத்தாறு நிமிடம்.
சைரன் சத்தம் மட்டும் தண்ணீரைத் தாண்டி வந்தது.

பதினேழாவது நிமிடம் அவன் பற்கள்
கடகடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின.
அப்படி ஒரு அழகான சத்தத்தை
நான் கேட்டதில்லை.

சாயங்காலம் கேப்டன் தாக்
எதுவும் பேசாமல்
இன்னொரு டன் ஐஸ் கேட்டார்.
இறால் பவுண்டுக்கு எண்பத்தைந்து சென்ட்.
டீசல் விலையை அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கணக்குப் புத்தகத்தில்
'எதற்கு' என்ற பத்தியில்
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.
கடைசியில், 'உருகியது' என்று எழுதினேன்.
முதலாளி இதுவரை கேட்கவில்லை.

தொட்டியைக் கவிழ்த்தபோது
ஒரு வெள்ளை ரப்பர் பூட்ஸ் வந்தது,
வலது கால்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து
அவன் தங்கை போன் செய்தாள்.
சிறுநீரகம் பற்றி ஏதோ சொன்னாள்,
டாக்டரின் வார்த்தைகள்,
அவளுக்கே வாயில் நிற்கவில்லை.
பிறகு பூட்ஸ் பற்றிக் கேட்டாள்.
இருக்கிறது என்றேன்,
ஜன்னல் பக்கம் காய வைத்திருக்கிறேன்,
இன்னும் காயவில்லை.