ஊதச் சொன்னார்கள்

பதிமூன்று வருஷம் கழித்து
இரண்டாம் பாகம் வந்திருக்கிறது.
மிஷன் வீதிக் கடையில் ஒரே ஒரு பிரதி,
அட்டையில் மடிப்பு விழுந்தது.
பத்து ரூபாய் குறைக்கச் சொன்னேன்.
குறைக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பயமாகத்தான் இருந்தது.
கலியவரதனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?
அதைவிட,
ஒன்றுமே ஆகாமல்
சிரிப்பு மட்டும் வராமல் போனால்?

முதல் பாகத்தில்
இன்சூரன்ஸ் விற்கப் போன வீட்டிலெல்லாம்
செருப்பைத் தொலைத்துவிட்டு வருவான்.
விற்ற பாலிசி ஒன்று.
தொலைத்த ஜோடி இருபத்திமூன்று.
நாய் இடது காலை மட்டும் தூக்கிப் போனது
இதில் சேர்த்தியில்லை.
ஒரு துக்க வீட்டில்
போனவருடைய செருப்பையே மாட்டிக்கொண்டு வந்து
காரியம் முடியும்வரை
திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் முழிப்பான்.

அந்த அத்தியாயத்தை
நெல்லித்தோப்பு மாடி அறையில்
அந்துவான் வாசிக்க நான் கேட்டேன்.
தானே புயல் கரண்டைக் கொண்டுபோயிருந்தது.
அவன் சிரிப்பில் மெழுகுவர்த்தி இரண்டு தரம் அணைந்தது.
கீழேயிருந்து வீட்டுக்காரர்
"யாருடா செத்தது?" என்று கத்தினார்.

பிறகு அந்தப் புத்தகத்திலேயே பேசிக்கொண்டோம்.
சம்பளம் தள்ளிப்போனால் 'இடது கால் போச்சு'.
வேலையே போனால் 'ஜோடியோடு போச்சு'.

ஒரு சீட்டுப் பணத்தில் பேச்சு நின்றது.
நாற்பதாயிரம்.
யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியும்.
அவனுக்கும் தெரியும்,
வேறு மாதிரி.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிரித்தேன்.
அரியாங்குப்பம்வரை சிரிப்பு இல்லை.
கலியவரதனுக்கு முட்டிவலி.
எழுதியவருக்கும் இருக்கும் போல,
வாக்கியங்கள் நடுவில் உட்கார்ந்து எழுந்தன.
பழைய ஜோக் ஒன்று
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்த மாமாவாக
கடைசி வரிசையில் தலைகாட்டியது.
தவளக்குப்பத்தில் மூடினேன்.
கிருமாம்பாக்கத்தில் மறுபடி திறந்தேன்.

நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்.
புதுச் செருப்பு, விலைச்சீட்டோடு,
பெரிய மண்டபத்து வாசலில்
வேண்டுமென்றே கழற்றி வைக்கிறான்.
மூன்று பந்தி காத்திருக்கிறான்.
பாத்திரம் கழுவி, பந்தல் பிரித்து,
கடைசி வேனும் கிளம்பியாயிற்று.
நேராக வாட்ச்மேனிடம் போகிறான்:
"சார், ஒரு புகார்.
என் செருப்பு காணாமல் போகவில்லை."

வந்துவிட்டது.
அடிவயிற்றில் கிளம்பி மூக்கு வழியாக.
பக்கத்து அம்மா மீன்கூடையை நகர்த்திக்கொண்டாள்.
ஆல்பேட்டையில் பஸ் நின்றதே தெரியவில்லை.

பாண்டியிலிருந்து வரும் பஸ்ஸில்
தனியாகச் சிரிக்கும் ஆம்பிளைக்கு
சோதனைச்சாவடியில் ஒரே அர்த்தம்தான்.
"இறங்குங்க."
இறங்கினேன்.
"ஊதுங்க."
ஊதப் போனால் சிரிப்பு வந்தது.
மூன்றாம் தரம்தான் வெறும் காற்று.
பையைத் துழாவினார்:
டிபன் பாக்ஸ், குடை,
கஸ்டமர் திருப்பிக் கொடுத்த கார்புரேட்டர்.
புத்தகத்தைக் கவிழ்த்து உதறினார்,
குவார்ட்டர் விழும் என்பதுபோல.

"அப்படி என்னதான் இருக்கு இதுல?"

சொன்னேன். செருப்பு, மூன்று பந்தி, வாட்ச்மேன்.
அவர் சிரிக்கவில்லை.
"பாவம்யா அந்த ஆளு" என்றார்.
விசில் அடித்தது. ஏறிக்கொண்டேன்.

கெடிலம் பாலத்தில்
அதே பக்கத்தை இன்னொரு தரம் படித்தேன்.
பாவம்தான்.
எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை?
அந்துவான் வாசித்திருந்தால்
அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தியிருப்பான்.

அவன் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது,
'இடது கால்' என்ற பெயரில்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி
நூற்றுப்பன்னிரண்டைப் போட்டோ எடுத்தேன்.
மங்கல்.
கட்டைவிரல் வாட்ச்மேனை மறைத்துவிட்டது.
இன்னொன்று எடுக்கலாம் என்று
புத்தகத்தை விரித்தபடியே போய்
டீக்கடை டியூப்லைட்டுக்குக் கீழே நின்றேன்.
"டீயா, காபியா?" என்றார் கடைக்காரர்.
"கொஞ்சம் வெளிச்சம்" என்றேன்.