ஏழாவது வளைவின் பெயர் வட்டிக்கடை

ஸ்பான்சர் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்.
ஹொசகோட்டே பாதையில் நம் அணியின் சாதனை,
ஒரே பக்கம், படத்தோடு.
ஜே.சி. ரோட்டு டயர்க்கடை மாடியில்
மின்விசிறி என் நோட்டைப் புரட்டுகிறது,
எந்த ஆண்டிலும் நிற்க மனமில்லாமல்.

பதினோரு முறை ஓடியிருக்கிறோம்.
வெற்றி என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
சிறந்த இடம் நான்கு.
படத்துக்குத்தான் நிறைய இடமிருக்கிறது.

பதினாறு வளைவு.
நீலகிரி மரங்களுக்கு நடுவே
யாரோ கைதவறிப் போட்ட கயிறு அந்தப் பாதை.
நேர்ப்பாதை என்று அவர்கள் சொல்வது
மூன்றாம் கியர் போட்டு
ஒரு தடவை மூச்சு விடும் தூரம்.
எங்கள் வண்டிக்கோ நேரில்தான் பலம்.

ஏழாவதுக்கு வட்டிக்கடை என்று பேர் வைத்தவர்
இன்ஜின் ஜபருல்லா.
நுழையும்போது ஆசைப்பட்டு எடுத்த வேகத்தை
வெளியே வரும்போது வட்டியோடு பிடுங்கும்.
பெள்ளியப்பா முதல் இரண்டு ஆண்டும்
அசலையே வைத்துவிட்டு வந்தான்:
ஒருமுறை முன்சக்கரம்,
ஒருமுறை காறை எலும்பு.
மூன்றாம் ஆண்டு கற்றுக்கொண்டான்,
கடன்காரன் மாதிரி குனிந்து நுழைய,
கடைக்காரன் மாதிரி நிமிர்ந்து வர.

அந்த ஆண்டு கியர்பாக்ஸ் போனது.
அடுத்தது மழை.
அதற்கடுத்து என்னவோ எழுதியிருக்கிறேன்,
மேலே காபி கொட்டியிருக்கிறது.
ஒரு வருஷம் நாய்.
கொடிக்காரர் கொடியோடு அதைத் துரத்த,
மஞ்சள் என்று எல்லாரும் வேகம் குறைத்தார்கள்.
நாங்கள் ரொம்ப நேர்மையாகக் குறைத்தோம்.

நேர்மை என்றதும் எட்டாம் ஆண்டு.
தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டு ஓட்டத்தின் நேரத்தையும் கூட்ட வேண்டும்.
இரண்டாவதின் நடுவே
நேரம் பார்க்கும் கருவி வெயிலில் செத்தது.
மூன்றாவது யார், நான்காவது யார்?
கோயம்புத்தூர்க்காரர்களின் கைக்கடிகாரம்
கடைசிச் சுற்றில் நின்றிருந்தது.
இரண்டு வண்டியையும் பிடித்து வைத்திருந்தது
என் கடிகாரம் மட்டும்.
நடுவரின் மேசைக்கு முன்னால் நான்.
முதுகுக்குப் பின்னால்
மூச்சு விடாத ஒன்பது பேர்.

இரண்டு பத்தில்.
ஒரு நொடியைப் பத்தாக நறுக்கி
அதில் இரண்டு துண்டு.
கட்டைவிரல் சொன்னதை வாயும் சொன்னது.
மூன்றாம் படியில்
கோயம்புத்தூர்ப் பையன் ஏறி நின்றான்.

லோகநாத ஷெட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கே.ஆர். புரம் நெரிசலில் வேன் நின்றபோது
ஜபருல்லாதான் திரும்பினார்:
"அல்சூர்ல இறக்கிவிடவா,
இல்ல நீயே நேரம் பாத்து நடந்துக்குறியா?"
முதலில் பெள்ளியப்பா சிரித்தான்.
மற்றவர்கள் சிரிக்க
பென்னிகானஹள்ளி பாலம் வரை ஆனது.

அடுத்த ஆண்டிலிருந்து
ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியிலிருந்தும்
ஒரு ஆள் வருகிறார்,
என் நோட்டைப் பார்த்துத்
தன் கணக்கைத் திருத்திக்கொள்ள.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஸ்பான்சருக்கு எழுதினேன்:
பதினொன்று, பூஜ்யம், நான்கு.
படத்தில் வட்டிக்கடையின் உள்விளிம்பு,
தரையை விட்டு ஒரு விரற்கடை
தூக்கிய பின்சக்கரம்.

ஞாயிற்றுக்கிழமை விடியல் நாலு மணிக்கு
ஹொசகோட்டே பிரியாணி வரிசையில் நிற்போம்.
தோற்பதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம்.
பன்னிரண்டாம் வரியில் தேதி போட்டாயிற்று.
கடிகாரத்துக்குப் புது பேட்டரி.

நேற்று வெங்காயம் நறுக்கும்போது
வலது கட்டைவிரலில் ஆழமாக ஒரு வெட்டு.
இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறேன்:
தொடங்கு, நிறுத்து. தொடங்கு, நிறுத்து.
இரண்டு பத்து தாமதிக்கிறது.
மறுபடி தொடங்கு.