கஞ்சமலைக் கல்

சித்தர்கோயில் அடிவாரத்தில் பொறுக்கிய கருங்கல்லைக்
கைப்பையின் காந்தப் பூட்டு
கவ்விக்கொண்டது.
சேலம் வரும்வரை விடவில்லை.

ஆய்வகத்தில் பொடித்து,
காற்றை வெளியேற்றி,
உலையில் வைத்தேன்.

உள்ளே எப்படியென்று எனக்குத் தெரியும்.
எட்டு இரும்பணு வடக்கே பார்க்கும்,
பதினாறு தெற்கே.
முறைத்துக்கொண்டே ஒரே வளவில் குடியிருப்பு.
எட்டுக்கு எட்டு கழிந்துபோகும்;
கழியாத மிச்சத்துக்குப் பேர் காந்தம்.

ஐநூறு டிகிரி தாண்டக் கோடு சரிந்தது.
ஐநூற்று எண்பத்தைந்தில் தரை.
தேர்நோம்பி கலைந்த கூட்டமாய்
அணுவுக்கொரு திசை.
சண்டைகூட இல்லை அங்கே.

கோர்ட்டு வாசலிலிருந்து நல்லசிவம் கூப்பிட்டான்:
"கெணத்துக் கேசுக்கு மறுபடி வாய்தாங்க்கா."
வழக்கில் எதிர்த்தரப்பே அவன்தான்.
"பிரியாணி வாங்கறேன். உனக்கும் கொண்டாரட்டா?"

உலையை அணைத்தேன்.
ஆற ஆற
கோடு தரையை விட்டு எழும்பியது,
யாரும் சொல்லாமல்:
எட்டு வடக்கே,
பதினாறு தெற்கே.

"கொண்டா," என்றேன்.
"வெங்காயம் தனியாக் கட்டச் சொல்லு.
அப்புறம், கெணத்துல
என் பங்கு என் பங்குதான்."

"அதப் பார்த்துக்கலாம்," என்றான்.