இரண்டாம் தொடுகை

முதல் தொடுகை யாருடையதாகவும் இருக்கலாம்.
மூன்றாவதுக்குத்தான் கைதட்டல்,
ஃப்ளெக்ஸில் படம், நூறு ரூபாய் நோட்டு மாலை.
நடுவில் இருப்பவள் நான்.
என் விரல்களில் பந்து தங்கும் நேரத்தை
யாரும் அளந்ததில்லை,
போன தை வரைக்கும்.

காவேரிப்பட்டணம், மின்னொளி ஆட்டம், நாலாவது செட்.
இறங்கிய இடத்தில் இன்னொருத்தியின் கால் இருந்தது.
இடது முட்டிக்குள்
ஈரத்துணி கிழிகிற சத்தம்.
மைக்காரர் அப்போதும் நிறுத்தவில்லை:
"ஓசூர் அணியின் மூளை, மாதேஸ்வரி!"
மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐயா.

தருமபுரி ஆஸ்பத்திரியில் முட்டியைத் திறந்து
தொடையிலிருந்து ஒரு நாரை உருவிக் கட்டினார்கள்.
"பூக்கட்டுற மாதிரிதாம்மா" என்றார் டாக்டர்.
கட்டிய பூ மறுநாள் வாடிவிடும் என்று
நான் சொல்லவில்லை.

பிறகு பத்து மாதம்.
கணுக்காலில் உப்புப் பொட்டலம்,
அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு.
நாற்காலியில் உட்கார்ந்தபடி
லைன் வீட்டுச் சுவரில் பந்தைத் தூக்கித் தூக்கி.
நைட் ஷிப்ட் முடிந்து தூங்க வந்த ஜோசப் அண்ணன்
ஒரு வாரம் திட்டினார்.
அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே
எண்ண ஆரம்பித்துவிட்டார்:
"ஆயிரத்து நானூறு. போதும் தங்கச்சி."

என் இடத்தில் நாகஜோதி ஆடினாள்.
பத்தொன்பது வயது, பஞ்சு விரல்.
எனக்கு அவளைப் பிடிக்கும்.
அதுதான் கஷ்டம்.

மூன்றாம் மாடி, ஏசி அறை, ஆறிப்போன டீ.
"ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு வச்சுக்கலாம்மா,
முட்டி நிக்கிற வரைக்கும்."
நான் கேட்டது மூன்று வருடம்,
மாதச் சம்பளம்,
முட்டிக்கான செலவு கம்பெனியோடது.
மேனேஜர் சிரித்தார். டாக்டரைக் கூப்பிட்டார்.
டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார், அமுக்கினார்.

போச்சம்பள்ளி சந்தையில்
அப்பா மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார்.
மாடு அவர் முகத்தைப் பார்க்கும்.
நானும் டாக்டர் முகத்தைப் பார்த்தேன்.

விலையை அங்கே வாய்விட்டுச் சொல்வதில்லை.
துண்டுக்கடியில் விரலைப் பிடித்தால் ஆயிரம்,
இரண்டு விரல் இரண்டாயிரம்.
எங்களுக்கும் அப்படித்தான்,
முதுகுக்குப் பின்னால்.
ஒன்று காட்டினால் குட்டைப் பந்து,
மூன்று என்றால் ஓரத்துக்கு, உயரமாக.

"சரி, ஒரு மேட்ச் ஆடிக் காட்டு."

ஞாயிற்றுக்கிழமை மைதானம்.
முதல் செட்டில் நான் தரையைவிட்டு எழும்பவேயில்லை.
நின்றே கொடுத்தேன், தோற்றோம்.
படிக்கட்டில் ஒரு வெள்ளைச் சட்டை,
கக்கத்தில் கருப்புப் பை,
போனில் பேசியபடி என்னையே பார்க்கிறது.
மேனேஜர் குனிந்து கேட்டார்:
"யாரு அது? சேலம் டீம் ஆளா?"

ராயக்கோட்டை தக்காளி மண்டி முனிரத்தினம்.
லாரி பஞ்சர். மெக்கானிக் வரும்வரை
நிழலுக்கு ஒதுங்கியவர்.
நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.
தண்ணீர் குடித்தேன்.
அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினேன்.
அவரும் ஆட்டினார், நல்ல மனுஷன்.

எல்லா செட்டரிடமும் ஒரு பந்து உண்டு.
தூக்கிக் கொடுக்கப்போகிறவள் போல எழும்பி
சும்மா அந்தப் பக்கம் விட்டுவிடுவது.
ஆறு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
ஆட்டத்துக்கு ஒன்று போதும்.
அன்றைக்கு இரண்டு விட்டேன்.
இரண்டாவதற்கு எழும்ப வேண்டியிருந்தது.
எழும்பினேன்.

திங்கட்கிழமை கையெழுத்து.
இரண்டு வருடம், மாதச் சம்பளம், முட்டிச் செலவில் பாதி.
மேஜைக்கடியில்
மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டேன்.

ராத்திரி முட்டி பப்பாளியாக வீங்கிக் கிடந்தது.
ஜூஸ் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸ்கட்டியை
நாகஜோதிதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.
"எழும்பும்போது பயமா இருந்துச்சாக்கா?"
"எழும்பும்போது இல்லடி."
அவள் கை கொஞ்சம் நின்றது.
ஐஸ் உருகிப் பாயில் ஓடியது.

சுவரை யாரோ அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள்.
"என்ன தங்கச்சி,
இன்னைக்கு எண்ண வேண்டாமா?"