பதினொன்றைச் சுற்றிய வட்டங்கள்

புள்ளித்தாளின் விதி இது:
இரண்டுக்கு ஒரு சாய்கோடு,
தண்ட எறிக்கு ஒரு கரும்புள்ளி.
மூன்று என்றால்
எறிந்தவரின் இலக்கத்தைச் சுற்றி வட்டம்.
இருபத்திரண்டு வருடமாக
வர்த்தக நிறுவனங்களின் கூடைப்பந்து மேசையில்
எனக்கு அதுதான் வேலை.
மற்ற நாட்களில் துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறேன்.

ஷெரோமி வஸ்தியாம்பிள்ளை. இலக்கம் 11.
காப்புறுதிக் கம்பனி.
பகலில் இழப்பீட்டுப் பிரிவில்
நொறுங்கிய பம்பர்களின் படங்களுக்கு விலை போடுவாள்.
வேலைக்கு எடுத்தது அதற்காக அல்ல.
நேர்முகத்தில் கேட்ட ஒரே கேள்வி:
மூலையிலிருந்து எறிந்தாலும் விழுமா?
மழை பெய்யாவிட்டால், என்றாளாம்.
அப்போது அவர்களின் திடலுக்குக் கூரையில்லை.

பந்து கையை விட்டபின் அவள் பார்ப்பதில்லை,
திரும்பி ஓடத் தொடங்கிவிடுவாள்.
நான் பேனா மூடியைக் கழற்றுவதும்
வலை சுருள்வதும்
ஒரே சத்தமாகக் கேட்கும்.

இரண்டாயிரத்து ஏழு, அரையிறுதி.
முதல் கால்பகுதியின் சிவப்பு மையில் அவள் இல்லை.
ஆமர் வீதிச் சாவடியில் பஸ்ஸை வெறுமையாக்கி
எல்லோரையும் வரிசையில் விட்டிருந்தார்கள்.
பையைத் திறக்கச் சொன்னவன் பந்தைக் கண்டதும்
தட்டிக் காட்டு என்றான்.
அடையாள அட்டையை முன்னும் பின்னுமாக
அவன் வாசித்து முடிக்கும்வரை
கொதிக்கும் தாரில் தட்டிக்கொண்டே நின்றாள்.
வந்து சேரும்போதே கை சூடாயிருந்தது.
நீல மையில் ஆறு வட்டம்.
பிந்தி வந்ததற்குக் காரணம் எழுதத்
தாளில் கட்டம் இல்லை.

பிறகு கோட்டை அரை மீற்றர் பின்னுக்குத் தள்ளினார்கள்.
மற்ற அணிகள் சங்கத்துக்குக் கடிதம் எழுதின.
அவள் அரை மீற்றர் பின்னுக்குப் போனாள்.
அந்த வருடமும் கிண்ணம்.
இலங்கைச் சட்டையோடு மாலைதீவுக்குப் போய்
விரல் முறிந்து வந்தவள், மூன்று வாரம்
இடது கையால் எறிந்து பழகினாள்.
இரண்டாவது பிள்ளை பிறந்த ஐந்தாம் மாதம்
இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு
ஈரச் சட்டையோடு திரும்பி
எடுத்த எடுப்பில் ஒரு வட்டம்.

நேற்றுக் கடைசி ஆட்டம். நாற்பத்தொரு வயது.
ஏழு நிமிடம், மூன்று எறி.
முதல் இரண்டும் வளையத்தில் பட்டுத் தெறித்தன.
மூன்றாவதை அவள் பார்த்தாள்.
அவள் பார்த்து நான் கண்ட முதல் எறி அது.
விழுந்தது.

முகாமையாளர் அவள் பெயரைத் தடுக்கித் தடுக்கி வாசித்தார்.
பித்தளைக் கேடயத்தில்: 1,212 மூன்றுகள்.
என் தாள்களில் 1,211.

எனக்குத் தெரியும் அந்த ஒன்று எது என்று.
இரண்டாயிரத்துப் பதின்மூன்று இறுதி, இடது மூலை.
நடுவர் இரண்டு விரலைக் காட்டினார்,
சாய்கோடு போட்டேன்.
அவள் நடுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
ஒரு கணம்தான்.
பதினொரு வருடம் அந்தப் பார்வையை
லேசர் பேப்பர் கட்டுபோல
வீட்டுக்கும் மேசைக்குமாகத் தூக்கித் திரிந்தேன்.

பற்றிஸ் தட்டோடு கிட்டப் போனேன்.
அந்த இடது மூலை, என்றேன்.
நான் வட்டம் போட்டிருக்க வேணும்.

"ஐயோ, இல்ல.
முதல்நாள்தான் கோடடிச்சவங்கள்.
கொழும்பு ஈரத்துக்குப் பெயின்ட் காயேல்ல.
பெருவிரல் ஒட்டினது எனக்கே தெரிஞ்சது.
நீங்க சரியா எழுதிறீங்களா எண்டுதான் பாத்தன்.
சப்பாத்து இன்னும் கிடக்கு, வெள்ளைக் கறையோட."

கேடயத்தை என் கையில் திணித்துவிட்டு
முழங்காலுக்கு ஐஸ் தேடிப் போனாள்.

ஆளில்லாத நேரம் பார்த்து
கடைசி இரண்டை நகத்தால் சுரண்டினேன்.
ஆழமாய்த்தான் வெட்டியிருக்கிறார்கள்.